துறையை மறித்தவன்

"அம்மையே, அவர்கள் சத்தியத்தை மீறிவிட்டார்கள். இனி நான் மட்டும் ஏன் பொறுக்க வேண்டும்?"

கேட்டவன் கொற்றன். பதினோரு ஆண்டுகள் வடகரைப் படையை நடத்தியவன். ஐம்பத்தெட்டு வயதில் வாளைத் தூக்கிப் போட்டுவிட்டு, தன் மகள் வயதுத் துறவி நங்கையாரிடம் சீடனாக வந்து சேர்ந்தவன்.

இரு கரைக்காரர்களும் ஆற்றில் இறங்கி, இனிப் போர் இல்லை என்று சத்தியம் செய்து நாற்பது நாள்கூட ஆகவில்லை. அன்று விடியலில் வடகரை இளைஞன் ஒருவன் துறையில் வெட்டுப்பட்டுக் கிடந்தான்.

கொற்றனின் தம்பி மகன்.

கீரை ஆய்ந்துகொண்டிருந்த நங்கையாரின் கை நின்றது.

"வெட்டியது யார்?"

"தென்கரைக்காரன்."

"பெயர்?"

"தெரியாது."

"பெயர் தெரியாத ஒருவனுக்காக எத்தனை பேரை வெட்டப் போகிறாய்?"

கொற்றனுக்குச் சுருக்கென்றது. "பிணத்தைத் தூக்கி வந்தவன் நான். உங்களுக்கு என்ன தெரியும்?"

"என் அண்ணன்மார் இருவரும் உன் படையோடு போனவர்கள்தான். பிணம்கூட வரவில்லை."

வெளியே பறை அதிர்ந்தது. கொற்றன் வாசல் பக்கம் திரும்பினான்.

"ஊரே துறைக்குப் போகிறது. முன்னால் நிற்க என்னைக் கூப்பிடுகிறார்கள், அம்மையே."

"போ. முன்னால் நில்."

"போருக்கா?"

நங்கையார் எழுந்தார். வாசலைப் பார்த்து நின்றவனின் தோள்களைப் பிடித்து, அவனைத் தன் பக்கம் திருப்பினார்.

"இப்போது போ."

துறையில் முந்நூறு பேர், வேலும் அரிவாளுமாக. எதிர்க்கரையிலும் கூட்டம் திரண்டிருந்தது. கொற்றனைக் கண்டதும் வடகரையில் ஆரவாரம் எழுந்தது.

அவன் எல்லோரையும் விலக்கிக்கொண்டு போய், முழங்கால் தண்ணீரில் இறங்கினான்.

திரும்பினான்.

எதிர்க்கரைக்கு முதுகு. தன் ஊருக்கு முகம்.

ஆரவாரம் அடங்கியது. தம்பி மாசாத்தன் வேலோடு வந்தான்.

"அண்ணே, விலகு."

"மாட்டேன்."

"செத்தது என் பிள்ளை!"

"என் தோளில் வளர்ந்த பிள்ளை. வெட்டியவனைத் தேடிப் பிடித்து மன்றத்தில் நிறுத்துவது என் பொறுப்பு. ஆனால் இன்று ஒருத்தனும் இந்தத் துறையைத் தாண்ட மாட்டான்."

"அவர்கள் உன் முதுகில் அம்பு விட்டால்?"

"விடட்டும்."

"நானே குத்தினால்?"

"குத்து. குத்திவிட்டு என்னை மிதித்துக்கொண்டு போ."

வேல் நுனி கொற்றனின் நெஞ்சைத் தொட்டது.

பின்னால் தண்ணீர் சலசலத்தது. யாரோ ஆற்றைக் கடந்து வருகிறார்கள். கொற்றன் திரும்பவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றான்.

ஈர முதுகு ஒன்று அவன் முதுகில் வந்து முட்டியது.

தென்கரைப் படைத்தலைவன் பூதன். பதினோரு ஆண்டுகளாக எதிர்ப்பக்கமிருந்து கேட்டுப் பழகிய அதே குரல், இப்போது தன் கரையைப் பார்த்து அதட்டியது.

"ஆயுதத்தைக் கீழே போடுங்கடா! எவனும் தண்ணீரில் கால் வைக்கக் கூடாது!"