விழுங்கப்பட்ட விதிகள்

அன்று அந்த அறையில் இருந்தவர்கள் நால்வர். மென்பொருள் நிறுவனத் தலைவர் மாசிலாமணி. அவரிடம் நிரல் எழுதும் இசக்கிமுத்து, தங்கபுஷ்பம். தென்காசியில் கல்யாண மண்டபம் வைத்திருக்கும் சங்கரவடிவு அம்மாள். புத்தியும் வந்திருந்தால் ஐவராகியிருக்கும்; அது வரவில்லை.

போன ஆவணியில் ஒரே முகூர்த்தத்துக்கு இரண்டு மாப்பிள்ளைகள் மாலையும் கழுத்துமாக அம்மாளின் மண்டப வாசலில் வந்து நின்றார்கள். இந்தத் தைப்பூசத்துக்கு மறுநாள் அவர் மகளுக்கே அங்கே கல்யாணம். அந்த நாளை வேறு யார் கேட்டாலும் கணினி மறுத்துவிட வேண்டும். அதை இன்று கண்ணால் பார்த்த பிறகே முன்பதிவு நிரல் எழுதும் வேலையை ஒப்படைப்பதாகச் சொல்லியிருந்தார்.

பயிற்சி கொடுக்க வந்த ஓர் ஆசிரியர் சொல்லிப்போன மந்திரம் மாசிலாமணியின் கைவசம் இருந்தது: “விதியை அந்தந்தப் பொருளுக்குள்ளேயே வையுங்கள். ஒன்றின் உள்ளே இன்னொன்று எட்டிப் பார்க்கக் கூடாது.”

மண்டபம், முன்பதிவு என்று நிரலில் வரும் ஒவ்வொன்றும் அவர்களுக்கு ஒரு ‘பொருள்’. நிரல் எழுதுமுன் தாங்களே அந்தப் பொருள்களாக நடித்துப் பார்ப்பது அவர்கள் வழக்கம். மாசிலாமணி மண்டபமானார். இசக்கிமுத்து முன்பதிவானான். தங்கபுஷ்பம் மண்டபம் கேட்டு வரும் பெண்வீட்டுக்காரியானாள்.

‘ஒரு நாளில் ஒரே கல்யாணம்’ என்ற விதியைச் சீட்டில் எழுதிச் சட்டைப்பையில் வைத்தார் மாசிலாமணி. சட்டைப்பை உள்ளா, வெளியா என்று தர்க்கம் எழுந்தது. நெடுநேர ஆலோசனைக்குப் பின், வெளிதான் என்று தீர்ப்பாயிற்று. ஆகவே அவர் சீட்டை மடித்து, மோர் குடித்து விழுங்கினார். இசக்கிமுத்து அம்மாள் மகளின் கல்யாணத் தேதியை விழுங்கினான். தங்கபுஷ்பத்துக்கு விதி ஏதும் இல்லை. மோர் மட்டும் குடித்தாள்.

“பூசத்துக்கு மறுநாள் மண்டபம் வேணும், அண்ணாச்சி.”

“அன்னைக்கு வேற கல்யாணம் இருக்கான்னு எனக்குத் தெரியாதும்மா. அது முன்பதிவு வயித்துல இருக்கு. நான் எட்டிப் பாக்கப்படாது.”

“எனக்குள்ள ஒரு தேதி இருக்கு,” என்றான் இசக்கிமுத்து. “எந்தத் தேதின்னு வெளிய விடப்படாது. இன்னொண்ணு கூடாதுங்கற விதியோ அண்ணாச்சி வயித்துல. நான் எப்படி மறுக்க?”

மறுக்க ஆளில்லை, ஆகவே பதிவாயிற்று. ஒருவருக்குள் ஒருவர் எட்டிப் பாராத பெருமையில் மூவரும் கைகுலுக்கிக்கொண்டார்கள்.

“அன்னைக்கு எம் மவளுக்குல்லாய்யா கல்யாணம்?” என்றார் அம்மாள்.

மூவரும் ஆழ்ந்து யோசித்தார்கள். மண்டபத்தின்மேல் குற்றமில்லை. முன்பதிவின்மேலும் இல்லை. அப்படியானால் குற்றம் இரண்டுக்கும் நடுவில்தான் இருக்க வேண்டும். அங்கே ஒரு பொருள் தேவை. மாசிலாமணி நடுவில் பார்த்தார். நாற்காலியில் அம்மாள் இருந்தார்.

விதியைப் புதிதாக எழுதி, ஒரு டம்ளர் மோருடன் பணிவாக நீட்டினார். “மவ கல்யாண விஷயம். நீங்கதாம்மா முழுங்கணும்.”

அம்மாள் மோரைக் குடித்தார். சீட்டைக் காலி டம்ளருக்குள் போட்டுவிட்டு எழுந்தார்.

என்ன போட்டார் என்று இசக்கிமுத்து குனிந்தான். மாசிலாமணி பதறிப்போய் அவன் கண்ணைப் பொத்தினார்.

“எட்டிப் பாக்காதடே. இப்ப அதுவும் ஒரு பொருளாயிட்டு.”

அம்மாள் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியேறினார்.