அசுவினிக்குக் காவல் நின்ற எறும்பு

ஒரு காட்டை ஒட்டிய கொல்லையில் அவரைக்கொடி ஒன்று படர்ந்திருந்தது, குழந்தைகளே. அதன் வேரடியில் ஓர் எறும்புப் புற்று. எறும்புகளுக்குத் தலைவன் மிடுக்கன். நடையில் மிடுக்கு உண்டு. மூளைதான் கொஞ்சம் மட்டு.

கொடியில் அசுவினிப் பூச்சிகள் ஒட்டிக்கொண்டு சாறு உறிஞ்சும். மிச்சத்தை இனிப்புத் துளியாகக் கழிக்கும். புற்றிலிருந்த எறும்புக் குஞ்சுகளுக்கு அதுதான் சாப்பாடு. அசுவினிகள் அளவுக்கு மீறிப் பெருகாதபடி ஒரு பொறிவண்டு அவற்றைத் தின்றுவந்தாள். அதனால் கொடியும் பிழைத்தது.

ஒருநாள் கிழட்டு அசுவினி ஒன்று மிடுக்கனிடம் குழைந்தது. "அண்ணே, இந்தப் பொறிவண்டு எங்க பிள்ளைங்களத் தின்னு தீர்க்குறா. உங்கள மாதிரி வீரர் இருந்தும் இப்படியா? அவளை விரட்டிட்டா உங்களுக்கு இனிப்பு மழைதான்."

வீரர் என்றதும் மிடுக்கனுக்குத் தலைகால் புரியவில்லை. படையோடு ஏறிப் பொறிவண்டைக் கடித்தான். இலைக்கடியில் அவள் இட்டிருந்த மஞ்சள் முட்டைகளையும் உருட்டித் தள்ளினான்.

"நான் என் பசிக்குத்தான் திங்கிறேன், உனக்கு உபகாரம் பண்ண இல்ல. ஆனா நான் திங்கலேன்னா இந்தக் கொடி தாங்காது" என்றாள் அவள்.

"தின்னிப் பண்டாரத்தோட பேச்சைக் கேக்க எனக்கு நேரமில்ல. போ."

இனிப்பு மழை பெய்தது உண்மைதான். மிடுக்கன் வயிறு உப்பிப்போய், "என் நிர்வாகத்தைப் பாத்தீங்களா?" என்று எல்லாரிடமும் கேட்டுத் திரிந்தான். அதற்குள் அசுவினிகள் குட்டி போட்டன. அந்தக் குட்டிகளும் குட்டி போட்டன. தண்டே தெரியாமல் மொய்த்தன. இலை சுருண்டது. பூ உதிர்ந்தது. பிசுபிசுப்பில் கரும்பூசணம் படர்ந்தது.

அப்போதுதான் தலைவருக்குப் பயம் வந்தது. கொடி செத்தால் குஞ்சுகளுக்கு எதைக் கொடுப்பது? பொறிவண்டு போய்ச் சேர்ந்திருந்த பக்கத்துக் கொல்லைக்கு ஓடினான்.

"அக்கா, கொஞ்சம் வந்து தின்னுட்டுப் போங்க."

"எனக்கு இருக்கிறது ஒரே வயிறு, தம்பி. கூட உக்காந்து திங்க வேண்டிய என் பிள்ளைங்களத்தான் நீ முட்டையிலேயே தள்ளிட்டியே" என்றாள் பொறிவண்டு.

அவன் திரும்பி வந்தபோது அசுவினிகளுக்கு இறக்கை முளைத்திருந்தது. இடம் நெருக்கடியானால் அவற்றுக்கு அப்படி முளைக்கும்.

"எங்க கிளம்பிட்டீங்க?"

"காஞ்ச கொடியில எங்களுக்கு என்ன வேலை?" என்றது கிழட்டு அசுவினி.

"நான் உங்களுக்குக் காவல் இருந்தேனே."

"அதுக்கென்னடா, எறும்பு இல்லாத ஊரா இருக்கு?"

அவை பறந்துவிட்டன. புற்றுக்குள் குஞ்சுகள் பசியில் நெளிந்தன. மிடுக்கன் காய்ந்த தண்டை ஒருமுறை நக்கிப் பார்த்துவிட்டு, வெறும் வாயோடு உள்ளே போனான்.

நீதி: ஆதாயத்துக்கு ஆசைப்பட்டுத் திருடனுக்குக் காவல் நிற்பவன், தன் வீட்டையே பறிகொடுப்பான்.