கும்பிடாத பனையேறி

வெகு காலத்துக்கு முன்னால் மணற்குடி நாட்டை வீரகோதண்டராயர் என்றொரு ராஜா ஆண்டுவந்தார். அவருக்கு மரியாதைப் பைத்தியம். பல்லக்கு புறப்பட்டால் முன்னால் ஒருவன் பட்டப்பெயர்களை முழங்கிக்கொண்டு போக வேண்டும். காதில் விழுந்தவர்கள் இருந்த இடத்திலேயே இரண்டு கையையும் குவித்துக் கும்பிட வேண்டும். கும்பிடாதவனுக்கு நாட்டில் இடமில்லை. அவருடைய கிறுக்குகளில் இது சின்னது. பெரியதையெல்லாம் சொல்லி மாளாது.

அப்படி முழங்கிய கட்டியக்காரன் பெயர் உடையப்பன். அவன் "பராக்!" என்றால் அடுத்த தெருவில் தூங்குகிற நாய்கூட எழுந்து நிற்கும். அப்பேர்ப்பட்டவன் ஒரு நாள் வேலையை விட்டுவிட்டான். பனையேறியான அவனுடைய ஒரே மகன் வேலாண்டி, மரத்திலிருந்து விழுந்து செத்துப்போனான். மருமகள் அரியநாச்சியின் இடுப்பில் பால்குடி மாறாத குழந்தை. தோப்போ ராஜாவுடையது. ஏற ஆள் இருக்கும் வீட்டுக்குத்தான் மரம். ஆள் இல்லையென்றால் வேறு வீட்டுக்குப் போய்விடும்.

அதனால் ஐம்பதைத் தாண்டிய உடையப்பன் மகனுடைய தளைநாரைக் காலில் மாட்டிக்கொண்டு பனையேறப் பழகினான். பாதி மரம் ஏறுவதற்குள் மூச்சு வாங்கும். பனையின் செதில் உரசி மார்புத் தோல் உரிந்துபோகும். சாயங்காலம் அந்தப் புண்ணுக்கு எண்ணெய் தடவும்போது அரியநாச்சி அழுதாள்.

"வேண்டாம் மாமா. அரமனை வேலைக்கே திரும்பிப் போங்க. அந்தச் சம்பளத்துல நாம கஞ்சி குடிக்க மாட்டோமா?"

"அந்த வேலை மட்டும் வேண்டாம் தாயி" என்றான் உடையப்பன்.

இதற்கிடையில் அரண்மனையில் வேறொருவருக்கு வயிறு எரிந்துகொண்டிருந்தது. ராஜ மரியாதைகளுக்கு அதிகாரி தாண்டவராயர். உடையப்பன் போன இடத்தில் தன் அக்காள் மகனை நுழைத்துவிட்டார். பையன் முழங்கினால் ஆடு கத்துவது போல இருக்கும். ராஜா தினமும் "உடையப்பனைக் கூப்பிடுங்களேன்" என்று முனகினார். கிழவனை ஒரேயடியாக ஒழித்துக்கட்டத் தாண்டவராயர் சமயம் பார்த்திருந்தார்.

சமயம் வாய்த்தது. தோப்பு வழியே பல்லக்கு போனபோது உடையப்பன் மரத்தில் இருந்தான். பையன் முழங்கினான். உடையப்பன் மரத்தைக் கட்டிப் பிடித்தபடியே இருந்தான், திரும்பவுமில்லை, கும்பிடவுமில்லை.

மறுநாள் சபையில் தாண்டவராயர் குதித்தார். "மகாராஜா! தங்கள் உப்பைத் தின்றவன், தங்கள் தலைக்கு மேலே இருந்துகொண்டு கும்பிட மறுத்தான். அவனைக் குடும்பத்தோடு நாடு கடத்த வேண்டும்!"

உடையப்பனை இழுத்து வந்தார்கள். "ஏனடா கும்பிடவில்லை?" என்று உறுமினார் ராஜா.

"தப்புதான் மகாராசா. என்னை என்ன வேணா செய்யுங்க. மரத்தை மட்டும் எங்க வீட்டை விட்டு எடுத்துடாதீங்க."

அப்போது சொக்கப்ப மந்திரி எழுந்தார். கூர்மையான ஆள், ராஜாவை எந்தப் பக்கம் தட்டினால் எந்தப் பக்கம் திரும்புவார் என்று தெரிந்தவர்.

"தாண்டவராயர் சொல்வது நியாயம்தான் மகாராஜா. ஆனால் மரத்தில் இருந்தபடி எப்படிக் கும்பிடுவதென்று கிழவனுக்குத் தெரியவில்லை போலும். புதிதாக ஏறுகிறவன்தானே? மரியாதைக்கே அதிகாரியானவர் ஒரு தடவை செய்து காட்டட்டும். பார்த்துக் கற்றுக்கொள்வான்."

ராஜாவுக்கு வேடிக்கை என்றால் போதும். "பேஷ்! செய்து காட்டும்!"

"இதென்ன பிரமாதம் மகாராஜா! தூக்கத்தில்கூட என் கை தானாகக் குவியும்" என்றார் தாண்டவராயர்.

ராஜா பல்லக்கில் ஏற, எல்லோரும் தோப்புக்குப் போனார்கள். தாண்டவராயர் காலில் தளைநாரை மாட்டி, ஏணி வைத்துப் பாதிப் பனைக்கு ஏற்றினார்கள். மந்திரி கண்காட்ட, ஏணியை எடுத்தார்கள். பையன் பட்டப்பெயர்களைக் கத்தினான். தாண்டவராயர் பல்லி மாதிரி மரத்தோடு ஒட்டிக்கொண்டார்.

"எங்கே கும்பிடு?" என்றார் ராஜா.

"மனசுக்குள்ளே கும்பிடுகிறேன் மகாராஜா!"

"கையைக் குவியும் ஐயா!"

"குவித்தால் விழுந்து செத்துப்போவேன் மகாராஜா!"

சபையே சிரித்தது. ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மந்திரி மட்டும் சிரிக்கவில்லை.

"செத்தால் என்ன தாண்டவராயரே? இதே தோப்பில் ஒருவன் குவித்தானே."

சிரிப்பு நின்றது. "யார்?" என்றார் ராஜா.

"உடையப்பனுடைய மகன். அவன் விழுந்த அன்றைக்கு நான் தங்கள் பல்லக்குக்குப் பின்னால் வந்தேன் மகாராஜா. முழக்கம் கேட்டதும் இரண்டு கையையும் மரத்தை விட்டு எடுத்துக் கும்பிட்டான். என் கண்ணால் பார்த்தேன். தங்களுக்குப் பயந்து இத்தனை நாள் சொல்லவில்லை."

ராஜா உடையப்பனைப் பார்த்தார். "அன்றைக்கு முழங்கியது..." என்று தொடங்கி நிறுத்திக்கொண்டார்.

"நான்தான் மகாராசா" என்றான் உடையப்பன். "பின்னால என்னமோ விழுந்த சத்தம் கேட்டுச்சு. பனங்காய்னு நினைச்சேன். பட்டப்பேரு இன்னும் பாக்கி இருந்துச்சு. கத்திக்கிட்டே போயிட்டேன்."

ஏணி வைத்துத் தாண்டவராயரை இறக்கினார்கள். அவரால் உடையப்பன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ராஜா அப்போதே அவர் பதவியைப் பறித்தார். மரத்தில் இருப்பவன் எவனும் கும்பிட வேண்டாம், தோப்பு வழியில் முழக்கமே கூடாது என்று உத்தரவிட்டார். பிறகு பல்லக்கை விட்டு இறங்கி உடையப்பனிடம் வந்தார்.

"தோப்பு முழுவதும் உன் வீட்டுக்குத்தான். ஏற வேறு ஆள் போடுகிறேன். இந்த வயதில் நீ ஏற வேண்டாம் உடையப்பா. கீழேயே இரு."

"தோப்பை மருமக பேருக்குக் குடுங்க மகாராசா, புள்ளை பொழைச்சுக்கும். ஏறுறது மட்டும் நான் ஏறிக்கிறேன்."

"ஏனப்பா?"

"மேலே போனா ரெண்டு கையும் மரத்துக்கு வேணும் மகாராசா. கீழே இருந்தா மாருல அடிச்சுக்கிட்டே இருக்கேன்."

ராஜா பல்லக்கில் ஏறாமல் அரண்மனை வரை நடந்தே போனார். அவருக்கு முன்னால் யாரும் முழங்கவில்லை.