பட்டினி கிடந்த ஈஸ்ட்

“திங்கட்கிழமையிலிருந்து நான் வரப்போறதில்லை, மேடம்.”

சொன்னவர் செண்பகவல்லி. முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் உயிரியல் நடத்திவிட்டு, ஓய்வு பெற்ற மறுவாரமே ஆராய்ச்சி செய்ய வந்து சேர்ந்தவர். அவருக்கு வழிகாட்டியான நஸ்ரின் மேடம் அவரைவிட இருபது வயசு சின்னவர்.

“ஏன் டீச்சர்?”

“மூணு வருஷமா ஈஸ்ட்டைப் பட்டினி போட்டே காலம் போச்சு. பசி வந்தா, அது தனக்குள்ள கிடக்கிற பழசை எல்லாம் தின்னு பிழைச்சுக்குது. அந்த வேலையை ஆரம்பிச்சு வைக்கிற புரதம் இல்லேன்னா செத்துப்போகுது. சரி, இருக்கட்டும். மாவைப் பொங்க வைக்கிற ஒரு பூஞ்சை செத்தா என்ன, பிழைச்சா என்ன? எனக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?”

நஸ்ரின் குளிர்பெட்டியைத் திறந்து, சுண்டுவிரல் அளவு குழாய் ஒன்றை எடுத்து நீட்டினார். மேலே பெயர் எதுவும் இல்லை.

“இதுல ஒரு மரபணு இருக்கு. அந்தப் புரதம் இல்லாத ஈஸ்ட்டுக்குள்ள போடுங்க. வளர்ந்ததும் பட்டினி போடுங்க. அதுக்கப்புறமும் போகணும்னா போங்க.”

“எதோட மரபணு மேடம்?”

“போடுங்க டீச்சர்.”

முணுமுணுத்துக்கொண்டே போட்டார்.

பட்டினியின் ஐந்தாம் நாள் காலையில், செத்த செல்லை மட்டும் நீலமாக்கும் சாயத்தை ஊற்றி நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார்.

எதுவும் போடாத ஈஸ்ட், எங்கே பார்த்தாலும் நீலம்.

மரபணு போட்டதில் நீலத்தைத் தேட வேண்டியிருந்தது. உயிரோடிருந்த செல்களுக்குள், பழைய துணுக்குகள் ஒரு பைக்குள் போய்ச் சேர்ந்து குதித்துக்கொண்டிருந்தன.

“மேடம்! ஓடி வாங்க! தின்னுது மேடம்! பிழைச்சிருச்சு!”

நஸ்ரின் வந்து குனிந்து பார்த்தார். அவருக்கும் சிரிப்பு தாங்கவில்லை.

“இப்பவாவது சொல்லுங்க. வேற ஏதாவது ஈஸ்ட்டோட மரபணுவா?”

“போன மாசம் ஆராய்ச்சிக்குன்னு ரத்தம் கொடுத்தீங்களே.”

“ஆமா.”

“அதிலேர்ந்து எடுத்ததுதான்.”

செண்பகவல்லி மறுபடியும் நுண்ணோக்கியில் குனிந்தார்.

“ஏ தங்கம்,” என்றார் ஈஸ்ட்டிடம். “நல்லாச் சாப்பிட்டியாடி?”