டிரம் இல்லாமல்

"சிஸ்டர், என் பிள்ளைக்கு என் குரல் பிடிக்கல" என்றாள் பெனிட்டா.

கான்வென்ட் இசை அறையில் சிஸ்டர் ஒட்டிலியா பியானோ மூடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். வயதில் பெனிட்டாவைவிட இளையவர். ஆனாலும் அவளுக்கு ஆப்பரா என்ற மேல்நாட்டு இசைநாடகப் பாட்டு சொல்லிக்கொடுத்தவர் அவர்தான்.

"ஊரே உன் பாட்டுக்கு ஆடுது. பிள்ளைக்கு என்னவாம்?"

"அவளும் ஆடுறா. போன்ல போட்டா ஆடுறா. நான் வாயைத் திறந்தா அழுறா."

ஆற்றில் குழந்தையைப் பறிகொடுத்த ஒரு தாயின் புலம்பல் அந்தப் பாட்டு. அவள் பாடியதைப் பதிவுசெய்த கம்பெனிக்காரர்கள் அதற்கடியில் டிரம்மை வைத்தார்கள். இழுத்துப் பாடும் இடங்களை நறுக்கினார்கள். இப்போது கல்யாண ரிசப்ஷன்களில் மாப்பிள்ளையும் பெண்ணும் அதற்கு ஆடிக்கொண்டேதான் மேடையேறுகிறார்கள்.

"இத்தாலிக்காரன் பாஷை. யாருக்குப் புரியப்போகுது?" என்றார் சிஸ்டர்.

"எனக்குப் புரியுதே சிஸ்டர்."

"அப்போ பாடு. டிரம் இல்லாம, முழுசா."

மூன்று வயது அமலி தரையில் உட்கார்ந்து செருப்பு வாரை இழுத்துக்கொண்டிருந்தாள். அம்மா குரலெடுத்ததும் நிமிர்ந்தாள். இரண்டாவது வரி முடிவதற்குள் காதைப் பொத்திக்கொண்டாள்.

"வேணாம்! அம்மா பாட்டு போடு!"

"நான்தான்டி அம்மா. இதுதான்டி அந்தப் பாட்டு."

"இது இல்ல! டிரம் இல்ல!"

வீறிட்டு அழுதாள்.

பெனிட்டா நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தாள்.

"பாத்தீங்களா? வீட்லயும் இதே கதைதான். இனி எதுக்கு சிஸ்டர் எனக்கு இந்தக் குரல்? நீங்களே திருப்பி எடுத்துக்கோங்க."

சிஸ்டர் துணியை வைத்துவிட்டு வந்தார். பிள்ளையைத் தூக்கி, காது அம்மாவின் நெஞ்சில் படும்படி சாய்த்துவைத்தார்.

அழுகை விசும்பலாகி, நின்றது. கொஞ்ச நேரத்தில் சின்ன உள்ளங்கை ஒன்று பெனிட்டாவின் தோளில் தாளம் போட ஆரம்பித்தது. வேகமான தாளம்.

"உன் நெஞ்சு இப்படி அடிச்சுக்குதே" என்றார் சிஸ்டர். "எதுக்குப் பயப்படுற?"

பெனிட்டா பிள்ளையின் தலைக்குமேல் ஜன்னலைப் பார்த்தாள்.

"கடைசி வரி, சிஸ்டர். கரையில நின்னு பிள்ளையைப் பேர் சொல்லிக் கூப்பிடுற இடம். எனக்கு வாயில இவ பேருதான் வருது." குரல் இறங்கிவிட்டது. "கம்பெனியில அதை வெட்டினப்போ நான் சண்டை போடல. அப்பாடான்னு இருந்துச்சு."

"அந்த வரியைப் பாடு."

பெனிட்டா மூச்சை உள்ளே இழுத்தாள். வாய் திறந்தது. ஒன்றும் வரவில்லை.

அமலி தலையைத் தூக்காமலே கேட்டாள்.

"அம்மா, டிரம் வந்துடுச்சு. பாட்டு எங்க?"