பட்டத்துக்கு ஒரு வால்

பிடித்துக்கொண்டிருக்கும்வரை பறக்கும். விட்டுவிட்டால் விழுந்துவிடும். அது என்ன?

விடை தெரிந்தவர்கள் சற்று வாயை மூடிக்கொண்டிருங்கள். துணிக்கடை அம்பலவாணருக்கு இன்னும் தெரியாது. அவர் இப்போதுதான் மலை ஏறிக்கொண்டிருக்கிறார்.

அன்று சித்திரை முதல் நாள். கூடவே மகள் மரகதமும் வந்தாள்.

மலைமேல் இருந்த அம்மையிடம் சீடராகச் சேர வேண்டும் என்பது அம்பலவாணரின் நெடுநாள் ஆசை. அம்மை கேட்டது ஒன்றே ஒன்றுதான். புது வருஷத்தன்று ஒரு சங்கல்பம் செய்துகொள்ள வேண்டும். அடுத்த புது வருஷம்வரை அதை விடாமல் காப்பாற்றிவிட்டு வர வேண்டும்.

அவரும் ஒவ்வொரு சித்திரைக்கும் புதிது புதிதாகச் சங்கல்பம் செய்தார். ஆடி பிறப்பதற்குள் ஒன்றுகூட மிஞ்சுவதில்லை. இந்தத் தடவையும் தவறினால் இனி மலைப்பக்கமே போவதில்லை என்று மனைவியிடம் சொல்லிவிட்டு வந்திருந்தார்.

ஏரிக்கரை நாரைக் குஞ்சுகளுக்கு இந்நேரம் இறக்கை முளைத்திருக்குமா என்று வழியில் மரகதம் கேட்டாள். சங்கல்பங்களை மனப்பாடம் செய்துகொண்டிருக்கிறேன், பேசாமல் வா என்றார் அவர்.

அம்மை ஒரு பாறையில் உட்கார்ந்து, பட்டத்துக்குப் பசை தடவிக்கொண்டிருந்தார்.

“வாரும் அம்பலவாணரே. போன வருஷத்துச் சங்கல்பமெல்லாம் சௌக்கியமா?”

அவர் தலையைச் சொறிந்தார்.

“அதெல்லாம் போகட்டும் அம்மா. இந்த முறை விடுவதாக இல்லை.”

மடியிலிருந்து துணிக்கீற்றுகளை எடுத்தார். கடையிலேயே கிழித்த நல்ல துணி. கீற்றுக்கு ஒன்றாகச் சங்கல்பங்களை அழகாக எழுதியிருந்தார். விடியுமுன் எழுந்து தியானம். வெள்ளிக்கிழமை மௌனம். கோபம் கூடாது. இனிப்பு கூடாது. ஒவ்வொன்றையும் உரக்க வாசித்தார்.

கடைசிக் கீற்றை மட்டும் வாசிக்கவில்லை. கால் வீங்குகிறதே என்று, மாலையில் ஏரிக்கரைவரை நடந்துவிட்டு வரும்படி வைத்தியர் சொல்லியிருந்தார். மகளையும் கூட்டிக்கொண்டு சில நாள் நடந்தார். கடையில் கூட்டம் வந்ததும் அது நின்றுபோயிற்று. துணி மிஞ்சியதே என்று அதையும் எழுதிவைத்திருந்தார். அம்மையிடம் போய்ச் சொல்லக்கூடிய சங்கல்பமா அது?

அம்மை பட்டத்தை நீட்டினார்.

“இதற்கு இன்னும் வால் இல்லை. உம்முடையதைக் கட்டும்.”

அம்பலவாணர் எல்லாக் கீற்றுகளையும் ஒன்றோடொன்று முடிந்து கட்டினார். மரகதம் பட்டத்தைத் தூக்கிப் பிடித்தாள். அம்பலவாணர் நூலோடு ஓடினார். பட்டம் கோழியைப் போலத் தரையிலேயே பின்னால் ஓடிவந்தது.

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மறுபடி ஓடினார். மூச்சிரைக்கத் திரும்பி வந்தார்.

“வால் கனம்” என்றார் அம்மை.

“எல்லாவற்றையும் அவிழ்த்துவிடட்டுமா?”

“வாலே இல்லாவிட்டால் குட்டிக்கரணம் போடும். ஒன்று இருக்கட்டும்.”

அம்பலவாணர் மௌனத்தை அவிழ்த்தார். மனம் வரவில்லை. மறுபடி கட்டினார். தியானத்தை அவிழ்த்தார். அதையும் திரும்பக் கட்டினார். கடைசியில் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

“எல்லாமே முக்கியம் அம்மா. என்னால் முடியவில்லை.”



அம்மை மரகதத்தை அருகே அழைத்தார்.

“வருஷம் முழுக்க இவரோடு இருக்கப்போகிறவள் நீதானே. நீ எடு கண்ணு.”

மரகதம் எழுத்துக்கூட்டிப் படித்தாள். முதலில் தியானத்தை அவிழ்த்தாள். விடியுமுன் எழுந்த நாட்களில் அப்பா விளக்கு வைத்ததுமே குறட்டை விட ஆரம்பித்துவிடுவார் என்று அம்மையிடம் விளக்கினாள். அடுத்தது மௌனம். கடை சீக்கிரம் மூடுவது வெள்ளிக்கிழமைதான், அன்றைக்குத்தான் அப்பா கதை சொல்வார் என்றாள்.

கோபத்தின் முடிச்சில் கை வைத்துக்கொண்டு நெடுநேரம் யோசித்தாள்.

“கோபப்பட்டால், அப்புறம் கொய்யாப்பழம் வாங்கிக்கொண்டு வருவார்.”

அதையும் அவிழ்த்தாள்.

அம்மை முகத்தைத் திருப்பிக்கொண்டார். சிரிப்பில் அவர் தோள் குலுங்கியது. அம்பலவாணர் தன் வீங்கிய காலையே பார்த்துக்கொண்டிருந்தார். இனிப்பு எப்போது போயிற்று என்பதை இருவருமே கவனிக்கவில்லை.

மரகதம் அவிழ்த்த கீற்றுகளை மடித்து அப்பாவின் மடியில் வைத்தாள்.

ஏரிக்கரைக் கீற்றைப் பட்டத்திலேயே விட்டுவிட்டாள்.

பிறகு நாரைக் குஞ்சுகளைப் பார்க்கச் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டாள்.