நாலாவது அடை

"ஐயா, என் பொண்ணுக்குக் கணக்கு வரலை."

வந்ததும் வராததுமாகச் சொன்னாள் சுகந்தி.

குரு அடுப்படியில் அடை வார்த்துக்கொண்டிருந்தார். திரும்பிப் பார்க்கவில்லை.

"பள்ளிக்கூடத்தை நிறுத்திட்டு வீட்டுல நானே சொல்லிக்கொடுக்கறேன். சமையல், சந்தை, எல்லாத்துலயும் கணக்கு இருக்கே, சந்தோஷமா கத்துக்கட்டும்னு நினைச்சேன்."

"கத்துக்கிட்டாளா?"

"இட்லி வச்சா, 'கணக்குக் கேக்காம ஒரு இட்லி குடும்மா'ங்கறா. முக்கால்னு வாயெடுத்தாலே அழுகை. ஜூன்ல திரும்பப் பள்ளிக்கூடம்தான்னு அவர் சொல்லிட்டார். இங்கயும் உள்ள வரமாட்டேன்னு வாசல்ல நிக்கறார்."

குரு ஒரு டம்ளர் தண்ணீரை நீட்டினார்.

"வாய் நிறைய வச்சுக்க. முழுங்காத, துப்பாத. நான் சொல்ற வரைக்கும்."

இது என்ன வைத்தியமோ! வைத்துக்கொண்டாள்.

அம்மாவோடு வந்திருந்த நிறைமதியின் முன்னால் மூன்று அடைகளை வைத்தார் குரு.

"மாவு தீந்துபோச்சு. நீ பரிமாறு."

சிறுமி மூன்று தட்டு எடுத்தாள். தட்டுக்கு ஒன்று வைத்தாள். வாசலைப் பார்த்தாள்.

"அப்பாவுக்கு?"

"என்னைக் கேட்டா? பரிமாறறவ நீ."

நாலாவது தட்டும் வந்தது. காலி.

'ஒவ்வொண்ணையும் நாலா வெட்டுடி!' சுகந்திக்குத் தொண்டை வரை வந்துவிட்டது. கன்னம் புடைத்தது.

"தாத்தா, அம்மா ஏன் ஒண்ணும் கேக்கலை?"

"இன்னிக்கு அவளுக்கு லீவு."

நிறைமதி தன் அடையில் பாதியை வெட்டிக் காலித் தட்டில் வைத்தாள். பார்த்தாள். உதட்டைப் பிதுக்கினாள்.

"நானும் அப்பாவும் மட்டும் பாதியா? போங்கு."

பாதியைத் திரும்ப ஒட்டவைத்தாள். சும்மா உட்கார்ந்திருந்தாள்.

சுகந்தியின் கண்ணில் நீர் முட்டியது. குரு அவளைப் பார்த்து முறைத்தார்.

சட்டென்று நிறைமதி தோசைக் கரண்டியை எடுத்தாள். பாதியில் பாதியை வெட்டினாள். அந்தக் கால் துண்டைக் காலித் தட்டில் வைத்தாள். அடுத்த அடையிலும் ஒரு கால். அதற்கடுத்ததிலும்.

மூன்று துண்டுகளையும் முனை சேர்த்துத் திருப்பி வைத்தாள்.

நான்கு தட்டிலும் ஒரே மாதிரி அடை. ஓரத்தில் ஒரு கடி குறைந்தாற்போல.

"ஐ! இல்லாத அடை வந்துடுச்சு!"

குதித்தாள். வாசலுக்கு ஓடினாள். அப்பனைக் கையைப் பிடித்து இழுத்து வந்தாள்.

சிவநேசன் தட்டைப் பார்த்தான்.

"என்னடி, எனக்கு முன்னாடியே வாய் வச்சுட்டியா?"

"எல்லாருக்கும் முக்கால்தாம்ப்பா. இருந்ததே மூணு. உங்களுது நான் பண்ணது."

"யார் சொல்லிக்கொடுத்தா?"

"யாருமில்லையே."

அவன் நான்கு தட்டுகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தான். மகளைப் பார்த்தான். பிறகு போய்ச் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து, சம்மணம் போட்டு உட்கார்ந்தான்.

"தாத்தா, இன்னும் ஒருத்தரைக் கூப்பிடுங்களேன். அஞ்சு பேர்னா எப்படின்னு பாக்கணும்!"

குரு சுகந்தியின் பக்கம் திரும்பினார்.

"போதும். முழுங்கிட்டுப் பேசு."

அவள் வாயில் தண்ணீர் இல்லை. எப்போது முழுங்கினாள் என்று அவளுக்கே தெரியவில்லை.